பச்சை நூல் சுற்றிய இயர்போன்

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அம்மாவிடம்கூட. உன்னால் இனி யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டால்தான் எனக்கு எழுத வருகிறது. வாசிக்கிறது வேறு யாராவது என்றால், கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தெரிந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் இயர்போன் என் மடியில் கிடக்கிறது. வயர் பிய்ந்த இடத்தில் உன் அப்பாவின் வலை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாயே, அந்தப் பச்சை நூல் அப்படியே இருக்கிறது. முடிச்சின் நுனி அவிழாமல் இருக்கத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டியிருக்கிறாய். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம் உப்பு வாசம், நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம். நான் இதை அதிகம் முகர்வதில்லை. தீர்ந்துவிடுமோ என்று பயம்.

இதில் ஒரு பக்கம்தான் கேட்கும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் முதல் நாள் நீ கேட்கிற பக்கத்தை என் காதில் செருகிவிட்டு, செத்துப்போன பக்கத்தை உன் காதில் வைத்துக்கொண்டாய். "அதுல ஒண்ணும் கேக்காதேட்டி" என்றேன். "கேக்காண்டாம். நீ கேளு. நான் படத்தையும் உனக்க மூஞ்சியையும் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றாய். பிறகு பக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். அதுவே உன் முறையாகிவிட்டது. முதலில் சத்தமில்லாமல் பார். அப்புறம் பார்க்காமல் கேள். இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்று யோசி.

சனிக்கிழமை வட்டத்தில் இருந்த எல்லா நாட்டுப் பிள்ளைகளும் உன் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வட்டம் முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது, இல்லையா? வேறு வேறு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே திரையில் உட்காருவோம். ஒவ்வொரு ஊரிலும் சுற்றுகிற வெறுப்பு வீடியோவை அந்த ஊர்ப் பிள்ளைகளே கேட்டு, அதில் என்ன தெரிகிறது, என்ன சொல்கிறார்கள், அது யார்மேல் போய் விழும் என்று மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அதை வைத்துக்கொண்டு பல நாட்டுப் பெரியவர்கள் கம்பெனிக்காரர்களோடு பேசி, எல்லா நாட்டிலும் அதை நீக்கச் சொல்வார்கள். நம் மாவட்டத்துப் பேச்சு, பேச்சை எழுத்தாக்கும் இயந்திரத்துக்குப் பிடிபடுவதில்லை. பாதிக்குமேல் வெறும் கோடுதான் போடும். "அந்த மட்டும் நமக்கு வேலை போவாது" என்று சிரித்தாய்.

கென்யாவில் ஏரிக்கரைப் பையன் ஒருவன் இருந்தானே. தன் ஆட்களை மீன் நாற்றம் பிடித்தவர்கள் என்று ஏசும் வீடியோவை அவன் விளக்கியபோது நீ என் தொடையில் கிள்ளினாய். "ஏட்டி, பஸ்ஸுல எனக்க பக்கத்துல இருக்காம எழும்பிப் போறாளுவல்லா, அவளுவளுக்கு அங்கயும் சொந்தக்காரங்க உண்டு கேட்டியா." பிறகு மைக்கைப் பிடித்து உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவனிடம் "சேம் பஸ்" என்றாய். அவன் புரியாமல் விழித்தான். நான் விளக்கிச் சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தான். அதற்குப் பிறகு வட்டத்தில் யாருக்கு எந்த அவமானம் நடந்தாலும் மற்றவர்கள் "சேம் பஸ்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நீ போன செய்தியை நான் வட்டத்தில் சொன்ன அன்று, அவன் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எழுதிவிட்டுத் திரையை அணைத்துவிட்டான்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, நாங்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்கு வந்தாய். "உள்ள என்ன சாமிட்டி?" என்று கேட்டாய்.

"கண்ணாடி."

"கண்ணாடின்னா?"

"கண்ணாடிதான். முன்னால நின்னா நம்ம முகம் தெரியும்."

"சவமே, முன்னமே சொல்லாண்டாமா? பவுடர் போட்டுட்டு வந்திருப்பேன்லா!"

தலைப்பாகை கட்டி நின்ற என் அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரே உனக்கு நாமம் எடுத்துத் தந்தார். நீ கழுத்துச் சிலுவையை நேராக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக் கோடு வளையாமல் இட்டுக்கொண்டாய். இப்போதும் நான் போகிறேன். கண்ணாடிக்கு முன்னால் தலை குனிந்து நின்றுவிட்டு வருகிறேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்கள் கோயில் திருவிழாவுக்கு நான் கடியப்பட்டணம் வந்ததும் நினைவிருக்கும். கடப்புறம் என்று நாம் சொல்லும் அந்தக் கடற்கரை முழுக்க மீன் வாசத்தைவிட மண்ணெண்ணெய் வாசம்தான் தூக்கலாக இருந்தது. வள்ளத்து எஞ்சின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மணிக்கூண்டைக் காட்டி, "பூசைக்கு ஒரு மாதிரி அடிப்பாங்க, சாவுக்கு வேற மாதிரி. விடாம அடிச்சா வள்ளம் வரலேன்னு அர்த்தம். அடுப்புல கறி கெடந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடணும். தேடப் போற வள்ளத்துக்கு வீட்டுல கெடக்க மண்ணெண்ணெய எல்லாம் கொண்டு குடுக்கணும். சண்டக்காரன் வள்ளமா இருந்தாலும் குடுக்கணும்" என்றாய். "குடுக்கலேன்னா?" என்று கேட்டேன். உனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

அந்த மணிதான் அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அடித்தது.

நாம் சிறப்பு வகுப்பில் இருந்தோம். உன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புத்தகங்களைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாய். வாசலில் திரும்பி வந்து இயர்போனை என் கையில் வைத்தாய். "ஓடுற ஓட்டத்துல எங்கயாவது போட்டுருவேன். நீ வச்சிரு மக்கா, நாளைக்குத் தா." உன் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாய். கடல் இருக்கும் பக்கம்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது ஒரு வீடியோ எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. அப்பாவின் பலசரக்குக் கடையில் நாலைந்து பேர் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டு ரோட்டிலிருந்து யாரோ எடுத்தது. மணி விடாமல் அடிக்கிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், கையில் கேன், துடுப்பு, கயிறு. அதன்மேல் யாரோ தனியாகப் பேசிச் சேர்த்த ஒரு குரல். "கடப்புறத்தான் மணியடிச்சு ஆளு கூட்டுகான். மண்ணெண்ணெய்க் கேனும் கம்புமா கொளுத்த வாறான். ஆம்பளையா இருந்தா முக்குல போய் நில்லு."

"அது வள்ளம் காணலேன்னு அடிக்கிற மணி" என்று நான் கடையில் சொன்னேன். சொந்தக்காரர்கள் இருக்கும் குழுவிலும் எழுதினேன். "படிக்கிற பிள்ள படிக்கிற வேலையப் பாரு" என்று ஒரு மாமா பதில் போட்டார். அதற்கு நிறையப் பேர் கைகூப்பு அனுப்பினார்கள். அப்பா கடையை இழுத்துப் பூட்டி என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார். உனக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

முக்கில் நின்றவர்கள் கடப்புறத்துக்குப் போகிற பஸ் என்று பார்த்துத்தான் கல் எறிந்தார்கள். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

உன் அப்பாவின் வள்ளம் எஞ்சின் பழுதாகி மிதந்துகொண்டிருந்ததாம். தேடிப்போனவர்கள் கட்டி இழுத்து விடியும்போது முட்டம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். இறங்கின உன் அப்பாவைப் பார்த்ததும் கரையில் நின்றவர்கள் அழத் தொடங்கினார்கள். "என்னடே, எல்லாரும் வந்துட்டோம்லா, பொறவு எதுக்கு அழுகியோ?" என்று அவர் கேட்டாராம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நீ அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று அப்பா என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, பெரிய ரோட்டை விட்டுத் தோப்புகளுக்குள் சுற்றி அழைத்துவந்தார். உங்கள் தெருவில் எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழிவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உன் அம்மா, "எனக்க மவளுக்க கூட்டுக்காரி வந்திருக்கா, அவளுக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

உன் அப்பா இப்போது கடலுக்கு அதிகம் போவதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருகிறார். எறிந்தவர்களில் சிலரைப் பிடித்துவிட்டார்கள். பேசினவன் யார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அந்த நம்பர் ஒரு நாட்டைச் சேர்ந்தது, கம்பெனி இன்னொரு நாட்டில் இருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறோம், பொறுக்க வேண்டும் என்கிறார்களாம். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து நின்றார். "அந்தச் சத்தத்துக்கு ஒரு ஆளு உண்டுல்லா மக்களே? ஆளைத் தெரிஞ்சாப் போதும். நான் அடிக்கவா போறேன்? எனக்க பிள்ளய நீ எப்பமாவது பாத்திருக்கியாடே அப்படின்னு கேக்கணும். அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வாரம் ஷிஃபானாவிடமிருந்து செய்தி வந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து நம் வட்டத்துக்கு வருவாளே, நீ 'எங்கட ஷிஃபா' என்று கூப்பிட்டுக் கேலி செய்வாயே, அவள்தான். "உங்கட ஊர் வீடியோ இங்க வந்திருக்கு. வேற குரல் போட்டு, இது எங்கட ஆக்கள், கொளுத்த வாறாங்க எண்டு அனுப்புறாங்க. நேத்து எங்கட தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பேல்ல." கடல் தாண்டி உங்கள் மணி அங்கேயும் அடிக்கிறது. உங்கள் ஆட்களின் முதுகுகள் அங்கே வேறு யாரோவாகிவிட்டன. மூல வீடியோவை, அதில் இருக்கும் பேச்சைப் புரிந்தவர்கள் விளக்கிக் கொடுத்தால்தான் இந்த நகல்களை எல்லாம் பொய் என்று நிறுத்த முடியும். நாளைக் காலையில் பல நாட்டுக்காரர்களும் கம்பெனி ஆட்களும் உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள். நம் பேச்சு தெரிந்தவள் வட்டத்தில் இப்போது நான் ஒருத்திதான்.

அதனால் உன் முறைப்படி செய்தேன்.

முதலில் கேட்காத பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நீ சொன்னது சரி. சத்தம் இல்லாவிட்டால் அது வேறு படம். ஒருவர்கூட ரோட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுகிறார்கள். ஒரு வயசானவர் ஒற்றைச் செருப்போடு கேனைத் தூக்க முடியாமல் தூக்கிப் போகிறார். ஒரு பெண் ஓடிக்கொண்டே ஜெபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேலையைச் செருகுகிறாள். அது உன் அம்மா. அவ்வளவு தடவை பார்த்தவர்களில் ஒருவருக்கும் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று தோன்றவில்லை.

பிறகு கேட்கிற பக்கத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மணி. மணிக்கு அடியில் அந்தக் குரல். பேசத் தொடங்குமுன் நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு 'ட்ச்'. குரலுக்குப் பின்னால் ஒரு பழைய ஏசி ஓடும் கடகடப்பு. அன்றைக்குப் பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை; கடையில் அன்று இரைச்சலில் கேட்காதது எல்லாம் இப்போது கேட்டது. அந்த ஏசியை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் வளைகுடாவிலிருந்து வரும் போனில் அது ஓடும். "இந்தச் சவம் ஓடுறதால நீ பேசுறதே கேக்கல" என்று அண்ணனைக் கேலி செய்வேன்.

ஆமாம், என் அண்ணன்.

நீ அவனைப் பார்த்ததில்லை. நான் சொல்லிக் கேட்டிருக்கிறாய். சைக்கிள் பழகும்போது விட்டுவிடுவானோ என்று நான் அழுததால் மாலை முழுக்க பின்னால் ஓடி வந்தவன். இப்போது வீடியோ பார்க்கிற இந்தப் போனும் அவன் வாங்கித் தந்ததுதான். புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு லீவில் வந்திருக்கிறான். அடுத்த அறையில்தான் படுக்கிறான். அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என் அம்மையிடம் மட்டும் சொன்னேன். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மெல்லச் சொன்னாள். "அவன் கல்லா எறிஞ்சான்? அங்கன இருந்துகிட்டு ஒரு வார்த்த பேசிட்டான். எல்லாரும்தான் அனுப்பினாங்க. அங்க தெரிஞ்சா ஜெயில்ல போட்டுருவாங்க பிள்ளா. அவனுக்குக் கல்யாணம் காச்சி ஆவாண்டாமா? மூச்சு காட்டாத. எனக்க தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவன் நம் வகுப்புப் போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல அந்தப் பிள்ள எது?" என்று கேட்டான். காட்டினேன். நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாயே, அந்தப் போட்டோ. போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனான். அவனுக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் இன்று மத்தியானம் வாசலில் நின்று, "அந்த வட்டம் கிட்டம்னு எதாவது எழுதிட்டு இருக்கியா நீ?" என்றான். "இல்லண்ணே" என்றேன். "எழுதாண்டாம்" என்றான். சிரிக்கவில்லை. அம்மை அவனிடம் சொல்லிவிட்டாளோ என்று அப்போதிலிருந்து அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஷிஃபானா மறுபடியும் கேட்டிருந்தாள். "பேசுற ஆள் யாரெண்டு தெரிஞ்சா சொல்லுங்க. அது இருந்தா ரெண்டு நாட்டுப் பொலிசும் சேர்ந்து கேக்கலாமாம். பயமா இருந்தா வேணாம். நான் கோவிக்க மாட்டன்." கீழே அவள் தம்பியின் படம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடம் போகாத பையனுக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்க வேண்டும்! அவன் சிரிக்கவில்லை.

ஜன்னல் என்றாலே எனக்கு நீதான்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் யோசிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். சண்டைக்காரன் வள்ளத்துக்கும் மண்ணெண்ணெய் கொடுக்கிற ஊர்க்காரி நீ. நான் யோசித்தது உன் அப்பாவை. அவர் கேட்க நினைக்கிற கேள்வியை என் அண்ணனைத் தவிர வேறு யாரிடம் கேட்க முடியும்? அவன் பதில் சொல்லாமல் வளைகுடாவுக்குத் திரும்பிப் போனால், இந்தப் புது வீட்டில் நான் எந்த அறையில் தூங்குவேன்?

போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பதிவு செய்தேன். எழுத்தாக இல்லை, பேச்சாக, நம் பேச்சிலேயே. முதலில் சத்தமில்லாமல் தெரிவது இது. அவர்கள் கடலைப் பார்த்து ஓடுகிறார்கள். காணாமல் போன வள்ளத்தைத் தேட. இந்த மணி அதற்கான மணி. இந்தக் கேன் அதற்கான கேன். இது என் கூட்டுக்காரியின் அம்மா. அப்புறம் பார்க்காமல் கேட்பது இது. இது பொய். கடைசியில் அடுத்த அறையில் அரவம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். என் மூச்சுதான் பதிவாகியிருக்கும். பிறகு, "இது எனக்க அண்ணனுக்க குரல்" என்றேன். பெயரையும் சொன்னேன். அனுப்பிவிட்டேன். ஷிஃபானாவின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதற்கான அடையாளம் வந்துவிட்டது. இனி திருப்பி எடுக்க முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இருந்தால் இந்தக் கேட்காத பக்கத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நாளைக்குத் தா என்றாய். தர முடியவில்லை. இனி என்னிடமே இருக்கட்டும். எதைப் பார்த்தாலும் முதலில் உன் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். எங்கே போனாலும் இது என் பையில்

கதவைத் தட்டுகிறார்கள்.

"ட்ச்... ஏட்டி, ஒறங்கலியா? கதவத் தொற."

கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். அதே குரல்தான்.